குட்டிப் பெடல் பெட்டிக்குள் போர்ட் ஷோர்ட் ஆகாமல் அடைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. இரவு பத்து மணிக்கு மேல், தூறல் விடவே இல்லை, மேடைக்கு மேலே தகரம். லீட் கிட்டார் வாசித்த தம்பி ஓவர்டிரைவ் பெடலை, அதாவது கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற காலடிப் பெட்டியை, மிதித்தான், சத்தம் அப்படியே நின்றது. காலை எடுத்தான், வந்தது. மறுபடி மிதித்தான், போனது. மிச்சப் பாட்டையெல்லாம் அந்தப் பெடலைத் தொடாமலே வாசித்து முடித்தான்.

அந்தப் பெடலைக் கட்டியவன் நான். மறுநாள் காலை அடிப்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பாகங்களைச் சோல்டர் வைத்த போர்டுக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு மடிப்பாக ஒட்டியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஊசி குத்தினது போல ஒரு ஓட்டை. வெட்டாமல் விட்ட ஒரு கெப்பேசிட்டர் கால், டேப்பைத் துளைத்துக்கொண்டு மூடியைத் தொட்டிருந்தது. பெடலை மிதிக்கும்போது பெட்டி ஒரு மயிரளவு அமுங்குகிறது. அந்த மயிரளவு போதும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெடலிலும் இந்த ஒரு வேலைக்கென்று ஒரு மாலை நேரத்தை ஒதுக்குகிறேன். சர்க்கிட் சரியாக இருந்தும் பெட்டிக்குள் போனதும் செத்துப்போகிற பெடல்கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. அவற்றைக் கொண்டுவருகிற தம்பிமார் பெரும்பாலும் சர்க்கிட்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

பெட்டிதான் கிரவுண்ட்

பெடல் பெட்டி வார்ப்பு அலுமினியம். அது வெறும் உறை இல்லை; வெளியே ஓடுகிற 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் ரேடியோவும் உள்ளே வராமல் மறைக்கிற திரை. அதற்காகத்தான் அதைக் கிரவுண்டோடு, அதாவது சர்க்கிட்டின் பூச்சிய வோல்ட் பக்கத்தோடு, சேர்த்திருக்கிறோம். ஆகவே உள்ளே கிரவுண்ட் அல்லாத எந்த உலோகம் பெட்டியைத் தொட்டாலும் அந்த இடம் கிரவுண்டுக்குப் போய்விடும். எது தொடுகிறது என்பதைப் பொறுத்து நோயும் மாறும்.

சிக்னல் போகிற பாதை தொட்டால் முழு மௌனம். ஆனால் பெடலை ஓஃப் செய்தால் கிட்டார் வழக்கம் போலக் கேட்கும். 9 வோல்ட் பாதை தொட்டால் எல்ஈடி அணையும், அடெப்டர் சுடும் அல்லது தானே வெட்டிக்கொள்ளும், அதே வயரில் வரிசையாகக் கொளுவிய மற்றப் பெடல்களும் சேர்ந்து படுத்துவிடும். மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது. ஒப்பேம்ப் என்கிற, சிக்னலைப் பெருக்கும் ஐசி உள்ள பெடல்களில் 9 வோல்ட்டைப் பாதியாக்கி 4.5 வோல்ட் ஒன்றை வைத்திருப்பார்கள். அது பெட்டியைத் தொட்டால் சத்தம் முழுதாகச் சாகாது. கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி பொரிந்து, பலமாகத் தட்டினால் மட்டும் கொஞ்சம் வரும். ஐசி போய்விட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். மூடியைக் கழற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள். சத்தம் திருந்தினால் ஐசி குற்றவாளி இல்லை.

இன்னொன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வழிகாட்டி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. 9 வோல்ட்டைத் தடுக்கத் தடித்த காவலி தேவையில்லை, காய்ந்த கடதாசி ஒன்றே தடுத்துவிடும். நாம் தடுக்க வேண்டியது கரண்டை அல்ல, வெட்டிய காலின் கூர் முனையை. ஆகவே "எத்தனை வோல்ட் தாங்கும்" என்று பார்த்துப் பொருள் தேடாதீர்கள். குத்தினால் கிழியுமா, ஈரத்தில் ஊறுமா, பசை வழுக்குமா என்று பாருங்கள்.

230 வோல்ட் நேராக உள்ளே வருகிற உபகரணங்களுக்கும், வால்வுக்காக உள்ளேயே நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டாக்குகிற பெடல்களுக்கும் இது எதுவும் பொருந்தாது. 9 முதல் 18 வோல்ட் வரையுள்ள பெடல்களுக்கு மட்டுமே எழுதுகிறேன்.

முதல் வேலை: இடத்தை அளப்பது

ஹேமண்ட் கம்பனியின் 1590ஏ என்ற குட்டிப் பெட்டி வெளியளவில் சுமார் 93 × 39 × 31 மி.மீ. 1590பி சுமார் 112 × 60 × 31. 125பி சுமார் 122 × 66 × 40. சீனாவிலிருந்து வருகிற நகல்களும் இந்த அளவுகளை ஒட்டியே இருக்கும், ஆனால் பெயரை நம்பாமல் கையில் உள்ளதை அளந்துகொள்ளுங்கள். 31 மி.மீ. உயரத்தில் முகப்புத் தகடும் மூடியும் போனால் உள்ளே 27 அளவில்தான் மிஞ்சும். வார்ப்புப் பெட்டி என்பதால் சுவர்கள் முகப்பை நோக்கிச் சற்று ஒடுங்கியும் இருக்கும். மூடிப் பக்கம் தாராளமாகப் போகிற போர்ட் உள்ளே இறங்க இறங்க இறுகுவது அதனால்தான். நான்கு மூலையிலும் ஸ்குரூ இறங்கும் தூண்கள் இருக்கின்றன. போர்டின் மூலைகள் அவற்றில் உரசும்.

போர்டுக்கும் மூடிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேலால் அளக்க முடியாது, ஏனென்றால் மூடியை மூடினால்தான் அந்த இடமே உண்டாகிறது. நான் செய்வது இது: ரொட்டிக்குப் பிசைந்த மாவில் கோலிக்காய் அளவு ஐந்தாறு உருண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் சொப்பின் பேக் துண்டில் இறுகச் சுற்றி, போர்டின் உயரமான இடங்களில் வைத்து மூடியை ஸ்குரூ போட்டு முடுக்குவேன். திறந்தால் உருண்டைகள் நசுங்கி இருக்கும். நசுங்கிய தடிப்புத்தான் உங்களுக்கு உள்ள இடம். 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 1 மி.மீ.க்குக் கீழே வந்தால் காவலியை யோசிக்கிறதற்கு முன்னால் போர்டைத் தாழ்த்துகிற வழியைத் தேடுங்கள்: நட்டை இறக்கலாம், உயரமான கெப்பேசிட்டரைப் படுக்க வைக்கலாம், ஐசி சொக்கெட்டை எடுத்துவிட்டு நேராகச் சோல்டர் வைக்கலாம். மா ஈரம், அதில் உப்பும் உண்டு. ஒரு துளியும் போர்டில் படாமல் சுற்றுங்கள். கரண்ட் கொடுக்காத நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

ஜெக்கில் பிளக்கைச் செருகிவிட்டுப் பாருங்கள்

இதைச் செய்யாமல் அடைக்கப்பட்ட பெடல்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. கிட்டார் வயரைக் கொளுவுகிற திறந்த வகை 6.35 மி.மீ. ஜெக்கில் நுனியைப் பிடிக்கிற வளைந்த தகடு ஒன்று இருக்கிறது. பிளக் இல்லாதபோது அது அடக்கமாக இருக்கும். பிளக் உள்ளே போனதும் வெளிப்பக்கமாக விரியும். வெறும் ஜெக்கை வைத்து அளந்து போர்டை அடைத்தால், மேடையில் வயரைக் கொளுவுகிற அந்த நொடியில் தகடு விரிந்து போர்டையோ பொட்டின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகியின்) முதுகையோ பெட்டிச் சுவரையோ தொடும்.

ஆகவே இரண்டு பக்கமும் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டே மிச்ச வேலையைச் செய்யுங்கள். 1590ஏயில் இது இன்னும் கடுமை. பிளக்கின் தண்டு 30 மி.மீ.க்குச் சற்று மேல். பெட்டியின் உள் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது ஒரு பக்கத்தால் செருகிய பிளக்கின் மூக்கு அடுத்த சுவரை எட்டிப் பார்க்கும். இரண்டு ஜெக்கையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் விலக்கித்தான் துளைக்க வேண்டும். எதிர்ச் சுவரில், மூக்கு வருகிற இடத்தில், ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒட்டிவிடுங்கள். மூடிய வகைப் பிளாஸ்டிக் ஜெக் கிடைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும், ஆனால் அதன் உடம்பு பெரிது, குட்டிப் பெட்டிக்கு எப்போதும் ஒத்துவராது.

கரண்ட் வருகிற ஜெக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெடல்களில் வழக்கமான 2.1 மி.மீ. ஜெக்கின் நடு ஊசி மைனஸ், வெளி வளையம் பிளஸ். வெளி உடம்பு உலோகமாக உள்ள ஜெக்கை வாங்கிப் பெட்டியில் முடுக்கினால் பிளஸ் 9 வோல்ட் பெட்டிக்கே போய்விடும். பெட்டியோ கிட்டார் ஜெக் வழியாகக் கிரவுண்ட். அடெப்டரைக் கொளுவியதும் நேர் ஷோர்ட். பார்வைக்கு உறுதியாக, அழகாக இருக்கிறதே என்று உலோக ஜெக்கை எடுக்காதீர்கள். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக்காக உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

முனைகளை மழுக்குதல்

காவலி வைப்பதற்கு முன்னால் செய்கிற இந்த வேலைதான் பாதிக்கு மேல். சோல்டர் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு காலையும் ஈயக் குவியலை ஒட்டி வெட்டுங்கள். நல்ல கட்டர் இல்லாதவர்கள் மெல்லிய கால்களுக்கு நகவெட்டியைப் பாவிக்கலாம், ஆனால் பொட்டின் கால்களுக்கு அது தாங்காது. வெட்டும்போது விரலால் காலின் நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பறக்கிற துண்டு கண்ணுக்கும் ஆபத்து, பெட்டிக்குள் விழுந்தாலும் ஆபத்து.

வெட்டிய கால் உளி மாதிரி கூராக நிற்கும். சோல்டரிங் அயனைச் சுத்தமாகத் துடைத்து, அந்த முனையில் ஒரு வினாடி வைத்து எடுங்கள். ஈயம் உருகி முனையைப் போர்த்தி உருண்டையாகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்து சோல்டர் பக்கம் முழுக்க மெதுவாகத் தடவுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே இன்னும் கூர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைப் பஞ்சு காட்டிக்கொடுக்கும். கடைசியில் ஒட்டியிருக்கிற பஞ்சு நூலைப் பிரஷால் தட்டிவிடுங்கள்.

வெரோ போர்ட் பாவிக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதில் செப்புக் கோடுகள் போர்டின் விளிம்பு வரை ஓடுகின்றன. போர்டை அளவுக்கு வெட்டும்போது செப்பும் சேர்ந்து வெட்டுப்பட்டு, விளிம்பில் பிசிறாக நிற்கும். அடியில் எவ்வளவு நல்ல தகடு வைத்தாலும் அந்த விளிம்பு பக்கச் சுவரில் உரசும். விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் செப்பை அரத்தால் சாய்வாகச் சீவிவிடுங்கள்.

பிறகு கழுவுதல். சோல்டரோடு வருகிற பிளக்ஸ் பிசினின் கறையை அப்படியே விட்டால் கொழும்பில் ஒன்றும் ஆகாமல் போகலாம். நம் பக்கம் அப்படி இல்லை. மே முதல் செப்டம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் துணியே காய்வதில்லை. அந்த ஈரத்தைப் பிளக்ஸ் கறை இழுத்து வைத்துக்கொள்ளும். பெடலின் வாசலில் இருக்கிற 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு ஈரக் கறை இருந்தால் கரண்ட் அதன் வழியாக மெல்லக் கசிந்து, சுவிட்சை மிதிக்கும்போதெல்லாம் "டப்" என்று சத்தம் வரும். பாமசியில் ஐசோப்ரோபைல் அல்கஹோல் கிடைக்கும். 99 சதவீதம் கிடைத்தால் அதையே எடுங்கள், 70 சதவீதத்தில் மிச்சம் தண்ணீர். பழைய பல் பிரஷால் தேய்த்துத் துடைத்து, ஹெயார் ட்ரையரின் இளஞ்சூட்டில் காய வையுங்கள். அடுப்புக்கு மேலே வைக்கக் கூடாது. லயத்து அடுப்பின் புகைக்கரி போர்டில் படிந்தால் கழுவியதற்கே அர்த்தமில்லை. பொட்டுக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் அல்கஹோல் இறங்க விடாதீர்கள்.

எதை வைப்பது, எதை வைக்கவே கூடாது

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நான் விட்டுவிட்டேன். அது மெத்தென்றது, முனை துளைத்துவிடும். பசை நாளடைவில் இளகி வழுக்கும். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் டேப் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

போன் திருத்துகிற கடைகளில் ஒரு மஞ்சள் கலந்த பழுப்பு நிற டேப் இருக்கும், பெயர் கெப்டன். "அண்ணே, அந்த ஹீட் டேப்பில் ஒரு சாண் தருவீங்களா" என்றால் சும்மாவே கிழித்துத் தருவார்கள். சோல்டரிங் சூட்டையே தாங்கும், மிக மெல்லியது. பொட்டின் முதுகு போன்ற சமமான இடத்துக்கு அருமை. ஆனால் மெல்லியது என்பதாலேயே கூர் முனைக்கு முன்னால் தனியாக நிற்காது.

கடதாசி, மட்டை, தீப்பெட்டி அட்டை எல்லாம் ஈரத்தில் ஊறும். ட்ரான்ஸ்போமர் வேலைக்குப் பாவிக்கிற ஃபிஷ் பேப்பர் குத்துக்கு நன்றாக நிற்கும், வெளிநாட்டு வழிகாட்டிகள் அதைப் புகழ்கின்றன. ஆனால் அதுவும் நாரிலிருந்து செய்யப்படுவது, ஈரத்தை இழுத்து உப்பும். நுவரெலியா மூட்டத்தில் நான் அதைப் பாவிக்க மாட்டேன். எக்ஸ்ரே ஃபிலிம் எல்லா வீட்டிலும் இருக்கும், கையில் எடுத்தால் சரியான தகடு போலவே இருக்கும். அதன் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது, ஈரத்தில் அதுவும் ஊறும். வேண்டாம்.

எனக்குப் பிடித்தது புத்தகக் கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பைல் கவர், பொலிப்ரொப்பிலீன். அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட தடிப்பு, மடித்தால் உடையாது, ஈரம் ஏறாது, நகத்தால் அழுத்தினாலும் முனை துளைக்காது. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியும் நல்லது, ஆனால் தடிப்பு கூட. யோகட் கப் பிளாஸ்டிக் வேண்டாம், மடித்தால் பிளக்கும். இடம் தாராளமாக இருந்தால் பைல் கவருக்கு மேல், போர்டின் பக்கமாக, பிள்ளைகள் கைவேலைக்கு வாங்குகிற 2 மி.மீ. ஃபோம் ஷீட் ஒரு துண்டு வையுங்கள். போர்ட் ஆடாமல் மெத்தை போலப் பிடித்துக்கொள்ளும். ஃபோம் மட்டும் தனியாக வேண்டாம்.

இனி, பார்வைக்குக் காவலி போல இருந்து காலை வாருகிறவை. ஐசிகளைக் குத்தி அனுப்புகிற கறுப்பு ஃபோம் மின்சாரத்தைக் கடத்தும், அதற்காகவே செய்யப்பட்டது. கம்ப்யூட்டர் சாமான் வருகிற வெள்ளி நிறப் பைக்குள் உலோகப் படலம் இருக்கிறது. இளஞ்சிவப்பு ஃபோமும் பையும் நிலைமின்சாரத்தை மெல்லக் கசியவிடுபவை, அவையும் வேண்டாம். நம் ஊரில் கைக்கு எட்டுவது தேயிலைப் பக்கெட். உள்ளே பளபளப்பாக, பிளாஸ்டிக் போலவே மடியும். அந்தப் பளபளப்பு அலுமினியம். வெட்டின விளிம்பில் அது வெளியே தெரியும், ஒரு கால் பட்டால் போதும். பிஸ்கட் உறையும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் மீட்டரை நம்பி இருக்காதீர்கள்; மேலே பிளாஸ்டிக், நடுவில் உலோகம் என்றால் மீட்டர் ஒன்றும் காட்டாது. பளபளத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

ஒட்டுவதற்குச் சிலிக்கன் எடுக்கிறவர்கள் முகர்ந்து பாருங்கள். வினாகிரி வாடை அடித்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், செப்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை மட்டும்.

தகட்டை வெட்டுவதும் வைப்பதும்

முதலில் கொப்பித் தாளில் மாதிரி வெட்டுங்கள். மூடியின் உள் விளிம்புக்கு உள்ளே அடங்க வேண்டும், நான்கு மூலையிலும் தூண்களுக்கு இடம் விட வேண்டும். தகடு விளிம்புக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் மூடி பெட்டியோடு உலோகத்துக்கு உலோகம் சேராது. அப்போது திரை அறுந்து, மூடியே ஒரு அன்டெனாவாக இரைச்சலைப் பிடிக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

பக்கச் சுவரை ஒட்டி போர்ட் இருக்கிறதென்றால் தகட்டை வெறும் தட்டையாக வெட்டாமல் சுற்றிவர 4 அல்லது 5 மி.மீ. கூட விட்டு வெட்டுங்கள். மடிக்க வேண்டிய கோட்டில் கத்தியின் முதுகால் ஒரு கீறல் போட்டு மேலே மடித்தால் ஆழமில்லாத தட்டு போல ஆகும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலை நாளடைவில் சுருண்டு எழும்பும்.

தகட்டை எதில் ஒட்டுவது? போர்டில் ஒட்டினால் பிறகு திருத்த வரும்போது பிய்த்தெடுக்க வேண்டும். நான் மூடியில்தான் வைக்கிறேன், அதுவும் நடுவில் ஒரே ஒரு இரட்டைப்பசை டேப் துண்டு. தகடு மூடியின் உள்வடிவத்துக்குச் சரியாக வெட்டப்பட்டிருந்தால் அதற்கு மேல் நகர இடமில்லை. பசை விட்டாலும் தன் இடத்திலேயே கிடக்கும். பசையை நம்புகிற காவலி, பசை இருக்கும் வரைதான் காவலி.

பொட்டின் மேல் நிற்கிற போர்டுகளில் கதை வேறு. அங்கே சோல்டர் பக்கம் பொட்டுகளின் உலோக முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த முதுகு, முடுக்கிய நட்டின் வழியாகக் கிரவுண்ட். ஆகவே அங்கே காவலியைப் பொட்டின் கால்களுக்குச் சோல்டர் வைப்பதற்கு முன்னால் செருகிவிட வேண்டும், பிறகு கை போகாது. பொட்டுக்கென்று செய்யப்பட்ட பிளாஸ்டிக் தொப்பிகள் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் முதுகைத் துடைத்துக் கெப்டன் டேப், அதன் மேல் பைல் கவரில் வெட்டிய வட்டம். பொட்டை முகப்பில் முடுக்கி, போர்டை நேராக வைத்து, போர்டுக்கும் முதுகுக்கும் ஒரு மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகே சோல்டர் வையுங்கள். நட்டை முடுக்காமல் சோல்டர் வைத்துவிட்டு அப்புறம் முடுக்கினால் போர்ட் வளைந்து நிற்கும். இன்னொன்று: இப்படிப்பட்ட போர்டில் பொட்டுக் கால்களின் நுனிகள் மறுபக்கமாக, மூடியை நோக்கி நீட்டும். அவற்றை வெட்ட மறக்காதீர்கள்.

உலோகத் தலை உள்ள பாகங்கள்

மின்பகு கெப்பேசிட்டரின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறை இருக்கும், தலையில் அலுமினியம் திறந்திருக்கும். அந்த டப்பா மைனஸ் காலிலிருந்து முழுதாகப் பிரிக்கப்பட்டதல்ல. 9 வோல்ட்டிலிருந்து கூடின வோல்ட்டையோ மைனஸ் வோல்ட்டையோ உண்டாக்குகிற சார்ஜ் பம்ப் உள்ள பெடல்களில் மைனஸ் கால் கிரவுண்டாக இல்லாத கெப்பேசிட்டர்களும் இருக்கும், ஆகவே தலை மூடியைத் தொடக் கூடாது. ஃபஸ் பெடல்களில் விரும்பிப் போடுகிற பிசி108, பிசி109 உலோகத் தொப்பி ட்ரான்சிஸ்டர்களில் தொப்பியே கலெக்டர், அதாவது மூன்று கால்களில் ஒன்றோடு சேர்ந்தது. அது பெட்டியைத் தொட்டால் சத்தம் அந்த இடத்தோடு முடிந்தது. சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் ஒரு துண்டை மேலே ஏற்றி இலேசாகச் சூடு காட்டினால் போதும். வோல்ட்டை நிலையாக வைக்கிற ரெகுலேட்டர்களில் 7805இன் முதுகுத் தகடு கிரவுண்ட், தொட்டாலும் குற்றமில்லை. எல்எம்317இன் தகடோ வெளிவருகிற வோல்ட். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

கால் சுவிட்சின் ஒன்பது காதுகளும் மூடிக்கு மிக அருகில் வருபவை. வயர் சேர்த்த பிறகு நீட்டிக்கொண்டிருக்கிற காதுகளை வெட்டிவிடலாம், வளைக்க வேண்டாம். வளைத்தால் உள்ளே பிளாஸ்டிக்கில் பிடிப்பு தளரும்.

வயருக்குப் பல இழை உள்ள மெல்லிய வயர் எடுங்கள். நெட்வேர்க் கேபிளுக்குள் இருக்கிற ஒற்றைக் கம்பி சும்மா கிடைக்கிறது என்று நம்மவர்கள் நிறையப் பாவிக்கிறார்கள். இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் காவலி உரித்த கழுத்தில் அது ஒடியும், ஒடிந்த கம்பி எங்கே போய்த் தொடும் என்று சொல்ல முடியாது. எந்த வயரும் மூடியின் விளிம்பில் நசுங்காமல் பாருங்கள்.

காவலி போடக் கூடாத ஓர் இடம்

எல்லாவற்றையும் மூடுகிற ஆர்வத்தில் ஜெக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் பிளாஸ்டிக் வளையம் போட்டுவிட்டால் பெட்டி கிரவுண்டை இழந்துவிடும், கையை வைத்தாலே இரையும். பவுடர் பூச்சுப் பூசிய பெட்டியில் பூச்சே காவலியாக நிற்கிறது. உள்வருகிற ஜெக்கின் துளையைச் சுற்றி, உள்பக்கமாக, பூச்சைச் சுரண்டி அலுமினியத்தை வெளியே எடுங்கள். பற்கள் உள்ள வொஷரைப் போட்டு முடுக்குங்கள். மூடி சேருகிற விளிம்பிலும் கொஞ்சம் சுரண்டுங்கள். மீட்டரில் ஜெக்கின் உடம்புக்கும் மூடிக்கும் பூச்சியம் ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

சோதனை

மூடுவதற்கு முன்னால் மீட்டரை டயோட் நிலையில் வையுங்கள். சிவப்புக் கம்பி பெட்டியில், கறுப்பு பிளஸ் 9 வோல்ட் புள்ளியில். தலைகீழாகக் கொளுவினால் காக்கிற 1என்4001 டயோட் பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே இருந்தால் 0.5, 0.6 போலக் காட்டும், அது ஷோர்ட் அல்ல. கம்பிகளை மாற்றி ஓம் நிலைக்கு வந்தால் எண் ஏறிக்கொண்டே போகும், அது கெப்பேசிட்டர் நிரம்புவது. இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு ஓமில் அசையாமல் நின்றால் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் முறை கரண்ட் கொடுக்க அடெப்டர் வேண்டாம். 9 வோல்ட் பெட்டரியின் பிளஸில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினால் பெடல் 5 மில்லிஅம்பியர் குடிக்கிறது, ஓவர்டிரைவுக்கு அது இயல்பு. 9 வோல்ட்டையும் ரெசிஸ்டரே தின்றால் ஷோர்ட். உடனே கழற்றுங்கள், கால் வொட் ரெசிஸ்டர் சுடத் தொடங்கிவிடும். டிலே போன்ற டிஜிட்டல் பெடல்கள் அதிகம் குடிப்பதால் அவற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

பிறகு மூடி, பிளக்குகள் இரண்டும் உள்ளே இருக்க, கிட்டாரை வாசித்துக்கொண்டே பெட்டியை நாலு பக்கமும் கட்டைவிரலால் அமுக்குங்கள். சப்பாத்துக் காலால் முழுப் பாரத்தையும் கொடுத்து மிதியுங்கள். ஸ்குரூ ட்ரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். பிளக்கைப் பிடித்து ஆட்டுங்கள். ஒரு சின்னப் பொரிவு வந்தாலும் திறக்க வேண்டும். கரண்ட் இல்லாமல் காதோரம் வைத்துக் குலுக்கியும் பாருங்கள், உள்ளே வெட்டிய கால் துண்டு கிடந்தால் கிலுகிலுக்கும்.

பயணமும் பனியும்

நம் பெடல்கள் மேடையில் பழுதாவதைவிட வளைவு வீதிகளில் வேனுக்குப் பின்னால் உருண்டுதான் அதிகம் பழுதாகின்றன. ஆகவே போர்ட் ஆடாமல் இருப்பது காவலியைப் போலவே முக்கியம். ஃபோம் துண்டோ ஒரு துளி ஹொட் குளூவோ எங்கே தேவை என்று குலுக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் இரவு முழுக்கக் குளிர்ந்த பெடலை, காலையில் இறக்கிக் கண்டியில் ஆட்கள் நிறைந்த கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுபோனால் குளிர்ந்த அலுமினியத்தில் உள்ளும் புறமும் ஈரம் வேர்க்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வையுங்கள், பெடல் மண்டபத்துச் சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள். போர்டுக்கு மேல் பூசுகிற பூச்சுகளும் உண்டு. ஆனால் நன்றாகக் கழுவிக் காய்ந்த போர்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை என்பது என் அனுபவம். பூசினால் பொட்டிலும் சுவிட்சிலும் ஜெக்கிலும் படாமல் பூசுங்கள்.

மூடி ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கைப்பலத்துக்கு மட்டும் முடுக்குங்கள். முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தடவை திறந்து, தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எங்காவது ஒரு சின்னக் குழி விழுந்திருந்தால் அதற்கு நேர் எதிரே ஒரு கால் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் காலை வெட்டி மழுக்கி, தகட்டையும் புதிதாக வெட்டிப் போடுங்கள். பைல் கவர் ஒன்றில் இருபது பெடலுக்குத் தகடு வரும்.